டேலியாச் சங்கத்தின் வருடம் ஒக்டோபரில் தொடங்குகிறது

ரொறன்ரோவில் டேலியா வளர்ப்பவர்களுக்குப் புதுவருடம் ஒக்டோபர் மாதத்தில் பிறக்கிறது. எந்த நாள் என்று நாட்காட்டியில் இருக்காது. ஒரு நாள் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும். முதல்நாள் வரை தோள் உயரத்துக்கு நின்று பூத்த செடி, விடிந்து பார்த்தால் அடுப்பில் மறந்துபோன கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கும். உங்கள் பக்கத்து வீட்டில் டேலியா இருந்தால் ஸ்காபரோவில் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலையில்தான் இவர்களுக்கு வேலை ஆரம்பம்.

பூச்சங்கம் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது செப்டெம்பர் மாதத்துக் காட்சிதான். நீளமான மேசைகள், பச்சைக் குவளைகள், ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக் கோப்பை அளவு பூ, பரிசு ரிப்பன். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பூவின் வரலாற்றை வாசிக்க வாசிக்க எனக்கு வேறொன்று தெரிந்தது. டேலியாவின் வரலாறு முடிவாவது காட்சி மண்டபத்தில் கிடையாது. ஒக்டோபருக்கும் மே மாதத்துக்கும் இடையில், யாரோ ஒருவருடைய பேஸ்மன்ட் மூலையில் முடிவாகிறது.

ஏன் என்று விளங்க முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோவின் மலைநாடு. மண்ணுக்குக் கீழே மரவள்ளி போலக் கொத்தாகக் கிழங்கு வைக்கும். மேலே செடி காய்ந்தாலும் கிழங்கு உயிரோடு இருந்து அடுத்த மழைக்கு முளைக்கும். அங்கே அது போதும். இங்கே ஜனவரியில் மண்ணே கல்லாக இறுகிவிடும். அந்த மண்ணில் விட்ட கிழங்கும் உறைந்து, பனி உருகும்போது கூழாகிவிடும். ஆகவே தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, சுற்றிவரக் கிண்டி, கிழங்கு முறியாமல் கொத்தோடு தூக்கி, கழுவி, பெயர் எழுதி, வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வருடமும். ஒரு வருடம் விட்டால் அதோடு சரி.

எங்கள் வீடுகளுக்கு இது புதிய வேலை இல்லை. செப்டெம்பர் கடைசியில் கறிவேப்பிலைக் கண்டைச் சாடியோடு தூக்கி உள்ளே வைத்து, ஆறு மாதம் அதை ஒரு ஆளாக நினைத்து யன்னல் பக்கம் இடம் விட்டு வாழும் அம்மாமார் எத்தனை பேர்! என் அம்மாவும் அப்படித்தான். டேலியாக்காரர்களும் அதே சாதி. அவர்களுக்கு ஒரு கண்டுக்குப் பதிலாக அறுபது, எழுபது பெட்டி.

"வசந்தத்தில் கடையில் புதிதாக வாங்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குப் பதில் மரபணுவில் இருக்கிறது. எங்களுக்கு ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் இரண்டு பிரதி. தோட்ட டேலியாவுக்கு எட்டு. மொத்தம் 64 நிறமூர்த்தங்கள். அதனால் ஒரு டேலியாவின் விதையைப் போட்டால் தாயைப் போன்ற பிள்ளை வராது. நூறு விதைக்கு நூறு விதமான செடி வரும். நிறம் வேறு, அளவு வேறு, இதழ் வேறு. ஒரு குறிப்பிட்ட டேலியா வேண்டுமென்றால் அதன் கிழங்கைப் பிரித்து நடவேண்டும், அல்லது அதன் துளிரை வெட்டி வேர்பிடிக்க வைக்கவேண்டும். அதாவது பிரதி எடுக்க வேண்டும்.

இதை யோசித்துப் பாருங்கள். ‘ஜேர்சீஸ் பியூட்டி’ என்று ஒரு இளஞ்சிவப்பு டேலியா இருக்கிறது. 1923இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வந்தது. இன்றைக்கு ஒருவர் தோட்டத்தில் அது பூக்கிறதென்றால், அது 1923இல் முளைத்த அதே ஒரு செடியின் துண்டு. நூறு குளிர்காலத்திலும் குளிர் நாடு ஒன்றில் யாரோ ஒருவர் அதைக் கிண்டி எடுத்து, அழுகவிடாமல் வைத்து, திரும்ப நட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே ஒரு குளிர்காலம் மறந்திருந்தால் அது இல்லை. ‘பிஷப் ஒஃப் லண்டாஃப்’ என்ற கருஞ்சிவப்பு இலைக்காரரும் 1924இல் வேல்ஸ் நாட்டில் வந்து இதே வழியில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நான் கணினி வேலை செய்பவன். எனக்கு இது உடனே பழகிய கதையாகத் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் தரவு என்பது, தொலையப்போகும் தரவு. அதைப் பல இடத்தில் வைக்கவேண்டும். டேலியாச் சங்கம் ஒன்றின் உண்மையான வேலை அதுதான். ஒருவர் பேஸ்மன்டில் எலி கடித்தால் இன்னொருவரிடம் அதே பூ இருக்கும்.

சரி, மெக்சிகோவில் இருந்து இங்கே எப்படி வந்தது?

1570இல் ஸ்பெயின் அரசன் இரண்டாம் பிலிப் தன் வைத்தியர் பிரான்சிஸ்கோ ஏர்னாண்டஸை மெக்சிகோவுக்கு அனுப்பினான். அவர் ஏழு வருடம் தங்கி அங்குள்ள மூலிகைகளைப் பதிவு செய்தார். அந்தப் பதிவில் டேலியாவும் இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதை ‘அகொகொட்லி’ என்று அழைத்தார்கள். தண்ணீர்க் குழாய் போன்ற தண்டு என்ற பொருளில் வந்த பெயர். தண்டு உள்ளே வெறுமை. அதற்குப் பிறகு இருநூறு வருடம் ஐரோப்பா அதைக் கணக்கெடுக்கவில்லை. 1789இல் மெக்சிகோ தாவரவியல் தோட்டத்தில் இருந்து விசென்ட்டே செர்வாண்டஸ் விதை அனுப்ப, மட்ரிட் அரச தோட்டத்தில் கவனியேஸ் என்ற பாதிரியார் வளர்த்துப் பூக்கவைத்து, 1791இல் ‘டேலியா’ என்று பெயர் வைத்தார். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் அன்டேர்ஸ் டாலின் நினைவாக. டால் 1789இலேயே இறந்துவிட்டார். தன் பெயரில் உலகம் முழுவதும் பூக்கும் பூவை மனிதர் அறியவே இல்லை. மெக்சிகோக்காரர் வைத்த பெயருக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. 1963இல் மெக்சிகோ டேலியாவைத் தன் தேசியப் பூவாக அறிவித்தபோதும் டாலின் பெயரோடுதான் அறிவித்தது.

ஜேர்மனியில் இன்னொருவர் இதற்கு ‘கியோர்கினா’ என்று வேறு பெயர் வைத்தார், ரஷ்யாவில் வேலை செய்த கியோர்கி என்ற அறிஞரை நினைத்து. அந்தப் பெயர் அறிவியலில் நிற்கவில்லை. ஆனால் ரஷ்ய மொழியில் இன்றும் அதுதான் பெயர். உங்கள் தெருவில் ரஷ்ய மொழி பேசும் பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். டேலியா என்றால் உதட்டைப் பிதுக்குவார், ‘கியோர்கீன்’ என்றால் சிரிப்பார்.

முதலில் ஐரோப்பியர் அதன் கிழங்கை உருளைக்கிழங்கு போலச் சாப்பிடலாம் என்று பார்த்தார்கள். ருசி பிடிக்கவில்லை. அந்தக் கிழங்கில் மாப்பொருளுக்குப் பதிலாக இனுலின் என்ற பொருள் இருக்கிறது. இன்சுலின் இல்லை, இனுலின்; இரண்டும் வேறு வேறு. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்சுலின் வருவதற்கு முன், இனுலினில் இருந்து எடுத்த பழச்சர்க்கரையை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 1921இல் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். எங்கே? இதே ரொறன்ரோவில். 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். டேலியாக் கிழங்கு திரும்பப் பூந்தோட்டத்துக்கே போய்விட்டது. ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் ஒரு நீரிழிவு மாத்திரைப் பெட்டி இருக்கும் எங்கள் ஊரில் இந்தக் கதை தெரிந்திருக்கவேண்டியது என்று நினைத்தேன்.

சங்கங்கள் எப்படி வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கு டேலியாப் பித்துப் பிடித்தது. 1881இல் அங்கே தேசிய டேலியாச் சங்கம் தொடங்கியது. 1915இல் அமெரிக்க டேலியாச் சங்கம். பணக்காரரின் தோட்டக்காரர்களோடு நிற்காமல், சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் குத்தகைத் துண்டு நிலத்தில் டேலியாவும் செவ்வந்தியும் வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். இந்தப் பழக்கம் பிரிட்டனில் இருந்து போனவர்களோடு எல்லா இடத்துக்கும் போனது. எங்கள் பக்கத்திலும் பாருங்கள்: ஊட்டியில் 1896இல் இருந்து மலர்க்காட்சி நடக்கிறது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலம் என்றால் பூக்காட்சி. இரண்டுமே வெள்ளைக்காரர் குளிருக்காகத் தேடிப்போன மலைகள். அந்தத் தோட்டங்களில் மண் வெட்டியவர்களின் பெயரைப் பரிசுப் பட்டியல்களில் தேடவேண்டாம்.

ரொறன்ரோ நகரம் 1834இல் நகரமானது. அதே வருடம் இங்கே தோட்டக்கலைச் சங்கமும் தொடங்கிவிட்டது. தெரு சேறு, பன்றி தெருவில் நடக்கும் ஊர். ஆனால் பூச்சங்கம் உண்டு! 1858இல் முன்னாள் மேயர் ஜோர்ஜ் வில்லியம் அலன் அந்தச் சங்கத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம் கொடுத்தார். 1860இல் வேல்ஸ் இளவரசர் வந்து தோட்டத்தைத் திறந்துவைத்தார். அதுதான் இன்றைய அலன் கார்டன்ஸ். டவுன்டவுனில் ஜார்விஸ் தெருப் பக்கம் போனால் 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகை நிற்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள், யாழ்ப்பாணத்து மண்வாசம் மூக்கில் அடிக்கும். 1906இல் ஒன்ராறியோ முழுவதிலும் உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒன்ராறியோ தோட்டக்கலைச் சங்கக் கூட்டமைப்பானது. டேலியாவுக்கென்று உள்ளது கனடியச் செவ்வந்தி டேலியாச் சங்கம். பழைய தோட்டக்கலைப் பட்டியல்களில் அதன் தபால் முகவரி எங்கள் ஸ்காபரோதான். அவர்களின் காட்சிகள் லோரன்ஸ் கிழக்கும் லெஸ்லியும் சந்திக்கும் இடத்தில் உள்ள ரொறன்ரோ தாவரவியல் தோட்டத்தில் நடந்திருக்கின்றன.

செவ்வந்தியையும் டேலியாவையும் ஏன் ஒரே சங்கத்தில் கட்டினார்கள்? பெயரைப் பார்த்தபோது எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. உறைபனி வந்து டேலியா கருகும் நேரம்தான் செவ்வந்தி பூக்கும் நேரம். பகல் சுருங்கினால்தான் செவ்வந்திக்கு மொட்டு வரும். பகல் சுருங்கினால் டேலியாவோ பூவைக் குறைத்துக் கிழங்கைப் பெருப்பிக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் பகலின் நீளம் ஒரு மணிநேரம் அளவுதான் கூடிக் குறையும். ரொறன்ரோவில் ஜூனில் பதினைந்தரை மணிநேரம், டிசம்பரில் ஒன்பது மணிநேரம். இந்தச் செடிகள் இரண்டும் அதை எங்களைவிட நுட்பமாகக் கணக்குப் பார்க்கின்றன.

நவம்பரில் ஆண்டுக் கூட்டம், கணக்கு வாசிப்பு, தேநீர். அதை விட்டுவிடலாம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் இதுதான் கடினமான காலம். கிழங்கை 4 முதல் 10 பாகை செல்சியசுக்குள் வைக்கவேண்டும். உறைந்தால் செத்தது. சூடு கூடினால் முளைக்கும். ஈரம் கூடினால் அழுகும், குறைந்தால் வற்றிக் கருவாடாகும். ஒருவர் மரத்தூளில் புதைப்பார், ஒருவர் வேர்மிகுலைட்டில், இன்னொருவர் ஒவ்வொரு கிழங்கையும் சமையலறை பிளாஸ்டிக் தாளில் தனித்தனியே சுற்றுவார். எது சரி என்று கேட்டால் சண்டை வரும். எல்லோரும் மாதம் ஒருமுறை இறங்கிப்போய்ப் பெட்டியைக் கிளறி, அழுகியதை எறிவார்கள். பெயரை லேபலில் எழுதினால் விழுந்துவிடும் என்று சிலர் கிழங்கின் தோலிலேயே அழியாத பென்சிலால் எழுதுகிறார்கள். பெயர் போனால் அது வெறும் கிழங்கு.

இங்கேதான் விஷயம் கொஞ்சம் கனமாகிறது. டேலியாப் பெயர்களுக்கு உலகப் பதிவேடு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் வைத்திருக்கிறது. அதில் பல பத்தாயிரம் பெயர்கள். அவற்றில் பெரும்பகுதிக்கு இன்று செடி இல்லை. பெயர் இருக்கிறது, விவரிப்பு இருக்கிறது, பூ இல்லை. விதை வராது என்பதால் திரும்ப உண்டாக்கவும் முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் பூப்பாத்திகளை உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் மாற்றினார்கள். அது நியாயமான காரியம்தான், பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும். ஆனால் மாற்றிய பாத்திகளில் இருந்தவை எல்லாம் திரும்பி வரவில்லை.

இன்றைக்குப் போர் இல்லை. இன்றைய ஆபத்து சின்னது, சத்தமில்லாதது. வளர்ப்பவர் எண்பது வயதில் பெப்ரவரியில் காலமாகிறார். பிள்ளைகள் வேறு ஊரில் இருந்து வந்து வீட்டை விற்பதற்காகத் துப்பரவாக்குகிறார்கள். பேஸ்மன்ட் மூலையில் பத்துப் பெட்டி காய்ந்த வேர். என்னவென்று யாருக்குத் தெரியும்? பச்சைத் தொட்டியில் போய்விடும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அப்பப்பாக்களின் டிரங்குப் பெட்டிக் காகிதங்களுக்கும் அதுதானே நடக்கிறது. நான் போன விற்பனைகளில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பெரும்பாலும் என் பெற்றோரின் வயதுக்கும் மேலே.

மார்ச், ஏப்ரலில் கொத்தைப் பிரிப்பார்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்கு அப்படி இல்லை. பழைய தண்டோடு சேரும் கழுத்தில் மட்டும்தான் கண் இருக்கும். கழுத்துத் துண்டு இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. இராசவள்ளியில் தலைப்பக்கத்தை வெட்டி நடுவது போல என்று அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப இங்கால தா" என்று கத்தியை வாங்கிக்கொண்டார். கோண்டாவில் செம்மண்ணில் பழகிய கை. கண் எது, வெறும் தழும்பு எது என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். எனக்கு இன்னும் பூதக்கண்ணாடி வேண்டும்.

ஒரு கொத்தில் ஐந்து, பத்துக் கிழங்கு தேறும். எல்லாவற்றையும் நட ஒருவரிடமும் இடம் இல்லை. மிச்சம்தான் வசந்தகால விற்பனைக்கு வருகிறது. சங்கத்துக்குக் காசு, பூவுக்கு இன்னொரு பேஸ்மன்ட். விக்டோரியா நாள் நீள்விடுமுறை வந்தால் இனி உறைபனி இல்லை என்று எல்லோரும் நடுவார்கள்.

கோடையில் வேலைகள் பல: கதியால் நடுவது, நுனி கிள்ளுவது, இரவில் டோர்ச் அடித்துச் செவிப்பூச்சி பிடிப்பது. பெரிய பூ வேண்டுமென்றால் மூன்று மொட்டில் நடு மொட்டை விட்டுப் பக்க மொட்டு இரண்டையும் கிள்ளவேண்டும். இது அம்மாவுக்குப் பிடிக்காது. "வந்த பூவை ஏன் கிள்ளுறாய்?" என்பார். பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி.

செப்டெம்பர் காட்சிக்கு வருவோம். அமெரிக்க டேலியாச் சங்கம் ஒவ்வொரு பூவுக்கும் நான்கு இலக்க எண் கொடுக்கிறது: முதல் இலக்கம் அளவு, இரண்டாவது வடிவம், கடைசி இரண்டும் நிறம். இதைப் பார்த்து நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். பத்து அங்குலத்துக்கு மேலே இருந்தால் மிகப்பெரிய வகுப்பு. பொம்பொன் என்ற சின்ன உருண்டை இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பிரிட்டனில் 52 மில்லிமீற்றர். நடுவர் கையில் ஒரு வளையம் வைத்திருப்பார், பூ அதற்குள்ளால் போகாவிட்டால் வெளியே. நிறத்துக்குப் பதினைந்து வகுப்பு. நீலம் கிடையாது. இருநூறு வருடமாக எல்லோரும் முயன்றும் நீல டேலியா ஒன்று வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தோட்டக்கலைச் சங்க விற்பனையில் முதியவர் ஒருவர் எனக்கு ‘ஜேர்சீஸ் பியூட்டி’ கிழங்கு ஒன்று விற்றார். ஐந்து டொலர். தோலில் ஊதாப் பென்சிலால் பெயர் எழுதியிருந்தது. பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு எழுத்து. என்ன என்று கேட்டேன். தனக்கு அதைக் கொடுத்தவரின் முதலெழுத்து என்றார்.

போன ஒக்டோபரில் கிண்டியபோது ஒரு கொத்தில் கண்ணோடு ஆறு தேறியது. இரண்டு எங்களுக்கு. ஒன்று எதிர்வீட்டு ரஷ்யப் பாட்டிக்கு. மூன்று மிச்சம் இருக்கிறது, லேபலோடு, மரத்தூள் பெட்டியில், தண்ணீர் ஹீற்றரில் இருந்து தள்ளி. மே மாதம் வரை அழுகாமல் இருந்தால் ஸ்காபரோவில் யார் கேட்டாலும் தருவேன். நிலம் ஒரு சதுர மீற்றர் போதும், ஆறு மணிநேர வெயில் வேண்டும்.